எட்டு, மூன்று, ஐந்து

அண்ணன் புறப்பட்டது ஒரு புதன்கிழமை. ஏழரைக்கு ரயில். ஏழு ஐந்துக்கும் அவன் வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று தங்கைக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். பெட்டிகள் இரண்டும் டாக்சியில் ஏறிவிட்டன. டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, இது இப்போதைக்கு நடக்கிற காரியமில்லை என்று எஞ்சினை அணைத்துவிட்டார்.

“பட்டறை மெஷின்ல எட்டு மடங்கு எக்ஸ்பேண்டரைப் பூட்டிட்டேன். கணக்கெல்லாம் போட்டாச்சு. நாலு ஸ்க்ரூவை இறுக்கு, லென்ஸைத் துடை, ஓட்டிக் காட்டு. வேற எதையும் நோண்டாதே.”

“சரிண்ணா.”

“இப்படித்தான் சரிங்கறே. அப்புறம் நோண்டறே.”

“ஏங்க, மீதியை மலை மேல போய் சேட்டிலைட்டுக்குச் சொல்லுங்க. அதுதான் எதிர்த்துப் பேசாது,” என்றாள் அண்ணி, டாக்சிக் கதவைத் திறந்து பிடித்தபடி.

தொலைவில் ஒரு மலையுச்சி ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணனுக்கு வேலை கிடைத்திருந்தது. அங்கிருந்து வானத்துக்கு லேசர் விடுவார்களாம். மேலே போகிற செயற்கைக்கோளில் பட்டு அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளப்பார்களாம். இரண்டு வருட ஒப்பந்தம். குடும்பத்துக்கு அங்கே இடம் கிடையாது என்பதால் அண்ணி இங்கேயே இருந்துவிட்டாள்.

டாக்சி திருப்பத்தில் மறைந்ததும் அண்ணி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். தங்கைக்கு அழுகை வரவில்லை. அவளுக்கு வயிற்றுக்குள் என்னவோ குதித்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வராத நாளில் முதல் மணிக்குக் குதிக்குமே, அது. இதைப் போய் யாரிடம் சொல்வது என்று அவளும் கண்ணைத் துடைக்கிற மாதிரி செய்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குப் பட்டறையில் பெயர் புள்ளியக்கா. நாற்பத்தொரு வயது. கல்யாணம் அமையவில்லை, அதைப் பற்றி ஊருக்கு இருந்த விசாரத்தில் பாதிகூட அவளுக்கு இல்லை. பள்ளியிறுதித் தேர்வில் இயற்பியலில் அண்ணனைவிட ஒன்பது மதிப்பெண் கூட வாங்கியவள் அவள். ஆனாலும் வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடிந்தது. அண்ணன் படித்தான். அவள் கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். பதினோரு வருஷம், ஊரார் மூக்கில் ஏறுகிற கண்ணாடிகளின் ஓரத்தைச் சட்டத்துக்கேற்ப இழைத்துக் கொடுத்தாள். பிறகு அண்ணன்தான் லேசர் எந்திரம் செய்யும் இந்தப் பட்டறைக்கு அவளைக் கூட்டிவந்தான். “லென்ஸ் தொட்டுப் பழகின கை, கீறல் போடாது,” என்று முதலாளியிடம் சொன்னான். அது நல்ல சிபாரிசுதான். ஆனால் அந்தச் சிபாரிசோடு அவள் எல்லையும் முடிந்துபோனது. எந்த லென்ஸ், எந்தக் குழாய் என்று தேர்ந்தெடுப்பது அண்ணன். துடைத்துப் பூட்டுவது தங்கை. “இது ஏன் இத்தனை மடங்கு?” என்று கேட்டால் “உனக்கெதுக்கு அது?” என்பான். கோபமாகச் சொல்ல மாட்டான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

புள்ளியக்கா என்ற பெயர் வந்த கதை வேறு. கடைகளில் பில் அடிக்கும் வழவழப்பான காகிதச் சுருள் இருக்கிறதல்லவா, சூடு பட்டால் கறுக்கும் காகிதம். லேசரைப் பூட்டியதும் அதன் வாயருகே அந்தக் காகிதத்தைக் காட்டி ஒரு புள்ளி சுட்டு எடுப்பாள். பிறகு ஒளியைத் திருப்புகிற ஒவ்வொரு ஆடிக்கு அப்புறமும் ஒன்று. புள்ளி வட்டமாக இருந்தால் எல்லாம் நேராக இருக்கிறது என்று பொருள். நசுங்கியிருந்தால் எங்கேயோ கோணல். சுட்ட புள்ளிகளை வெட்டி, தேதி போட்டு, எந்திரத்தின் எண் போட்டு ஒரு நோட்டில் ஒட்டிவைப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் ஏழு நோட்டு சேர்ந்திருந்தது. கை முழுக்க மயிர் அடர்ந்திருந்ததால் கரடி என்று பெயர் வாங்கிய மெக்கானிக், அதைக் ‘கல்யாண ஆல்பம்’ என்பான்.

“அக்கா, ஆல்பத்துல எல்லாமே மாப்பிள்ளைதான் இருக்காங்க. அதுவும் ஒரே மூஞ்சி.”

“ஒரே மூஞ்சியா? உனக்குக் கண்ணு சரியில்லை. பழைய கடைக்கு வா, நானே இழைச்சுத் தர்றேன்.”

அன்று அவள் போனபோது முதலாளி மேஜையில் கண்ணாடி அலமாரியின் சாவி கிடந்தது. எக்ஸ்பேண்டர்களும் லென்சுகளும் உறை பிரியாமல் இருக்கிற அலமாரி. அத்தனை வருஷமும் அண்ணன் இடுப்பில் தொங்கிய சாவி. முதலாளி நல்ல மனிதர். ஆனால் எதிலும் பெரிதுதான் நல்லது என்பது அவர் கொள்கை. தொலைக்காட்சியிலிருந்து வெங்காயம் வரைக்கும் அப்படித்தான் வாங்குவார்.

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஃபில்டர் கம்பெனியம்மா ட்ரயல் பாக்க வர்றாங்க,” என்றார். “துளை சரியா வந்துச்சுன்னா சாவியை நீங்க வச்சுக்குங்க, புள்ளி. வரலைன்னா வெளியிலேருந்து ஒரு ஆளைப் போட்டுக்கறேன். அவர் தன்னோட ஆளுங்களைக் கூட்டிட்டு வருவார். உங்களை பேக்கிங்ல பாத்துக்கலாம்.”

“பேக்கிங்கா?”

“கை பக்குவமான கை. உடையாம கட்டுவீங்க.”

கீறல் போடாத கை, உடையாமல் கட்டும் கை. கழுத்துக்கு மேலே தனக்கு ஒன்று இருப்பது யார் கண்ணிலும் படவில்லையே என்று நினைத்துக்கொண்டு அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

எந்திரத்தின் வேலை, தாள் போன்ற எஃகுத் தகட்டில் இருபது மைக்ரான் அகலத்தில் துளை போடுவது. தலைமயிரை நீளவாக்கில் மூன்றாகப் பிளந்தால் ஒரு பங்கு அவ்வளவு இருக்கும். ஒரு தகட்டுக்குத் தொள்ளாயிரம் துளை. பச்சை லேசர் ஒளியை ஒரு லென்ஸ் குவித்துத் துளைக்கும். இதில் ஒரு விசித்திரம் உண்டு: கடைசியில் புள்ளி சின்னதாகக் குவிய வேண்டுமென்றால், லென்சுக்குள் நுழையும்போது ஒளி அகலமாக நுழைய வேண்டும். லேசர் வாயிலிருந்து பென்சில் முனை அளவில் வரும் ஒளியை வாங்கி, அகலமாக்கி விடுகிற குழாய்தான் எக்ஸ்பேண்டர். எட்டு மடங்கு என்றால் ஒரு மில்லிமீட்டரை எட்டாக்கும்.

வியாழக்கிழமை காலை முதல் தகட்டை ஓட்டினார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவளுக்கு முகம் சுருங்கியது. துளை இருந்தது. ஆனால் ஒவ்வொன்றைச் சுற்றியும், ஈரத் தம்ளர் மேஜையில் விட்டுப்போகிற தடம் மாதிரி மெல்லிய வளையம். தகட்டின் நடுவில் இருந்தவை பரவாயில்லை. ஓரத்துக்குப் போகப் போகத் துளை மங்கி, மூலையில் ஒளி தகட்டைத் தாண்டவே இல்லை.

“லென்ஸ் அழுக்கு,” என்றான் கரடி.

“நான் துடைச்ச லென்ஸ்.”

“அப்ப தகடு மோசம்.”

தகடு கொஞ்சம் நெளிந்துதான் இருந்தது, கால் மில்லிமீட்டர் இருக்கும். அவ்வளவு மெல்லிய தகட்டை எந்தச் சட்டத்தில் இழுத்துக் கட்டினாலும் அந்த நெளிவு இருக்கத்தான் செய்யும். அவள் பில் காகிதத்தை எடுத்தாள். லேசரின் வாயில் ஒரு புள்ளி. எக்ஸ்பேண்டருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவது பெரிது. நன்றாகவே பெரிது.

“கரடி, இந்த லேசர் முதல்ல மேலதானே இருந்துச்சு? எக்ஸ்பேண்டருக்குப் பக்கத்துல?”

“ஆமா. ஃபில்டர் கம்பெனியம்மா அவங்க ரூம் கதவு குறுகல்னு சொன்னாங்கல்ல, அண்ணன்தான் கீழ்த் தட்டுக்கு இறக்கச் சொன்னார். ரெண்டு கண்ணாடி போட்டு மடக்கி மேல கொண்டுவந்தோம்.”

“எவ்வளவு தூரம் வருது?”

கரடி டேப்பை வைத்தான். “ஒரு மீட்டர் இருபது.”

அவளுக்குக் காது சூடானது. ஒளி எவ்வளவு ஒழுங்கானதாக இருந்தாலும் போகப் போகக் கொஞ்சம் அகலும். அண்ணன் கணக்குப் போட்டது எந்திரத்தின் முதல் வரைபடத்துக்கு. வாயில் ஒரு மில்லிமீட்டர், எட்டால் பெருக்கினால் எட்டு, ஒளியை அங்குமிங்கும் திருப்புகிற ஸ்கேனர் ஆடிகள் பத்து மில்லிமீட்டர் வரை வாங்கும், தாராளமாக அடங்கும். பிறகு லேசர் கீழே இறங்கியது. கணக்கு மேலேயே இருந்துவிட்டது. இப்போது எட்டு மடங்கான ஒளி ஆடியைவிட அகலமாகி ஓரம் வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட ஒளிதான் வளையம் போடுகிறது.

அவள் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்: “வாயில் அளந்ததா, எக்ஸ்பேண்டர்கிட்ட அளந்ததா?” சாயங்காலம் பதில் வந்தது. “கணக்கு சரி. லென்ஸைத் துடை.”

வெள்ளிக்கிழமை காலை முதலாளியிடம் போய்ச் சொன்னாள்.

“எட்டு வேண்டாம் சார். குறைக்கணும்.”

“ஊரெல்லாம் கூட்டறான், நீங்க குறைக்கச் சொல்றீங்க.”

“கூட்டினா புள்ளி கூராகும், சரி. ஆனா அந்தக் கூர் ரொம்ப ஆழத்துக்கு நிக்காது சார். தகடு கால் மில்லி நெளிஞ்சா தவறிப்போயிடும். அதான் மூலையில துளையே விழலை. ரொம்பக் கூராவும் இருக்கக் கூடாது.”

“அப்ப எத்தனை?”

அவள் புள்ளியை அளந்து வைத்திருந்தாள். எக்ஸ்பேண்டர் வாசலில் இரண்டே கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்றால் பெருக்கினால் ஏழு சொச்சம், பத்து மில்லி ஆடிக்குள் அடங்கும். “மூணு,” என்றாள். அலமாரியில் பச்சை ஒளிக்கென்று பூச்சுப் போட்ட மூன்று மடங்கு ஒன்று உறையோடு இருந்தது. முதலாளி சாவியை எடுத்துத் தானே திறந்து கொடுத்தார். அலமாரியைப் பூட்டிச் சாவியைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மதியம் ஓட்டினார்கள். வளையம் போய்விட்டது. மூலைவரை துளை விழுந்தது. கரடி விசில் அடித்தான். அவள் மைக்ரோஸ்கோப்பின் அளவுகோலைத் துளைமேல் நகர்த்தினாள். இருபது இல்லை. முப்பத்திரண்டு. இன்னொன்று, முப்பத்துமூன்று. ஓரம் வேறு குண்டுக் கத்தியால் வெட்டினது போல.

“வடிகட்டி கேட்டாங்க, நீங்க சல்லடை கொடுக்கறீங்க,” என்றார் முதலாளி. குரலை உயர்த்தவில்லை. “மனசுல வச்சுக்காதீங்க புள்ளி. அந்த வெளியாளுக்கு திங்கட்கிழமை போன் பண்றேன். சாயங்காலமா.”

அந்தச் சாயங்காலத்தை அவர் ஏன் சேர்த்துச் சொன்னார் என்று அவள் வீடு வரை யோசித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை, பட்டறை அரை நாள்தான். சைக்கிள் பஞ்சராகிப் போனதால் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள். மடியில் ஏழாவது நோட்டு. பேக்கிங்குக்குப் போகிறவளுக்கு ஆல்பம் எதற்கு, வீட்டில் கிடக்கட்டும் என்று எடுத்து வந்திருந்தாள். சும்மா இருக்க முடியாமல் பக்கத்தைப் புரட்டினாள். போன வருஷத்து எந்திரம் ஒன்று. ஒரே நாள், ஒரே இடம், இரண்டு புள்ளி. ஒன்று மிளகளவு, இன்னொன்று கடுகளவு. ஒரே ஒளி எப்படி இரண்டு அளவில் சுடும்? கீழே அவள் கையெழுத்திலேயே சின்னதாக எழுதியிருந்தது: ‘முதல்ல சரியா கறுக்கலை, பவர் கூட்டி மறுபடி எடுத்தேன்.’

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கைப் பெண்மணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஒளியின் நடுவில் பலம் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். பலத்தைக் கூட்டினால் சோப்ளாங்கி ஓரமும் காகிதத்தைச் சுடும்; புள்ளி பெரிதாகும். ஒளி அகலவில்லை. காகிதம் அவ்வளவுதான் கறுக்கும். வட்டமா கோணலா என்று கேட்டால் புள்ளி உண்மை சொல்லும். எவ்வளவு அகலம் என்று கேட்டால், நாம் எவ்வளவு ஓங்கி அடித்தோம் என்பதைத்தான் சொல்லும். வியாழக்கிழமை அவள் நன்றாகக் கறுக்கட்டும் என்று ஓங்கித்தான் அடித்திருந்தாள். பன்னிரண்டு வருஷமாக ஒட்டிவந்த ஆல்பத்தை நம்பி அளவெடுத்திருக்கிறாள். ஆல்பத்துக்கு அளவு தெரியாது. அண்ணன் தப்பான இடத்தில் அளந்த எண்ணை நம்பினான். அவள் சரியான இடத்தில் தப்பான அளவுகோலை வைத்தாள்.

வெட்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு நேரமில்லை. “இறங்கணும், இறங்கணும்,” என்று எழுந்தாள்.

“ஸ்டாப் இன்னும் வரலைம்மா,” என்றார் கண்டக்டர்.

“எனக்கு வந்துடுச்சு.”

அடுத்த நிறுத்தத்தில் குதித்து, எதிர்ப்பக்கம் ஓடி, பட்டறைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறப் போனவள் ஏறவில்லை. ஒரு சாமான் தேவை என்று நினைவு வந்து வீட்டுக்கே போய், செருப்போடு குளியலறைக்குள் நுழைந்தாள்.

“யாரது?” என்று அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அண்ணன் பிளேடு பாக்கெட் எங்க அண்ணி?”

அண்ணி கரண்டியோடு வந்து நின்றாள். “என்னம்மா ஆச்சு? அந்த ஆளு பேக்கிங்னு சொன்னதுக்கா? ஒரு வேலை போனா என்ன, நான் இல்லையா...”

“ஐயோ அண்ணி, லேசரை வெட்டறதுக்கு.”

“லேசரை வெட்டப் போறியா?”

“ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா.”

அண்ணி அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். அழுத முகம் இல்லை; பரிசு விழுந்த முகம். மேல் தட்டிலிருந்து பாக்கெட்டை எடுத்துக் கொடுத்து, “அவர் மறந்துட்டுப் போனது ஒண்ணாவது உபயோகப்படட்டும். தின்னுட்டுப் போ,” என்றாள். அவள் தின்னாமலே போனாள்.

கரடி ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் கையில் பிளேடைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மறுபடி தூக்கினான். இருவரும் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். லேசரின் பலத்தை மாற்றாமல், முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை வைத்து மட்டும் ஒளியை மங்கச் செய்தாள். எக்ஸ்பேண்டரைக் கழற்றி, அது இருந்த இடத்தில், திருகினால் நூலிழை நூலிழையாக நகரும் மேடையை வைத்து அதன்மேல் பிளேடை ஒட்டினாள். பின்னால் பவர் மீட்டர். திருகத் திருகப் பிளேடு ஒளிக்குள் நுழைந்து அதை மறைக்கும். மறைய மறைய மீட்டர் இறங்கும்.

“நூறு,” என்றான் கரடி மீட்டரைப் பார்த்து. “நூறு. தொண்ணூத்தெட்டு. தொண்ணூறு. எண்பத்தஞ்சு. எண்பத்திநாலு.”

“நிறுத்து. நாலு புள்ளி ஒண்ணு ரெண்டு,” என்று மேடையின் அளவை எழுதினாள். “மேல சொல்லு.”

“அம்பது. முப்பது. இருபது. பதினெட்டு, பதினாறு.”

“நாலு புள்ளி எட்டு ரெண்டு.”

எண்பத்துநாலுக்கும் பதினாறுக்கும் நடுவே பிளேடு நகர்ந்த தூரம், ஒளியின் அகலத்தில் சரிபாதி. அண்ணனின் பழைய பாடப்புத்தகத்தில் எத்தனையோ மதியங்களில் படித்து வைத்தது. புள்ளி ஏழு, இருமடங்கு ஒன்று புள்ளி நாலு. கறுப்புக் கண்ணாடியை மாற்றி, ஒளியை இன்னும் மங்கலாக்கி மறுபடி எடுத்தாள். ஒன்று புள்ளி நாலு. கரடி கையில் திருகைக் கொடுத்து அவள் மீட்டரைப் படித்தாள். ஒன்று புள்ளி நாலு.

“என்ன பண்ணாலும் மாற மாட்டேங்குதே,” என்றான் கரடி.

“இதுக்குத்தான்டா பன்னெண்டு வருஷம் காத்திருந்தேன்.”

எட்டு மடங்கென்றால் பதினொன்றுக்கு மேல். பத்து மில்லிமீட்டர் ஆடியில் வழியும். மூன்றென்றால் நாலு சொச்சம்; மழுங்கல். ஐந்தென்றால் சரியாக ஏழு. ஆடிக்குள் நல்ல இடைவெளியோடு அடங்கும். புள்ளி பன்னிரண்டு மைக்ரானுக்குக் குவியும். அது துளையாகும்போது இருபது. கூர்மை நிற்கும் ஆழம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர். தகடு கால் மில்லி நெளிந்தாலும் பயமில்லை. சுவரில் இருந்த காலண்டர் தாளின் முதுகில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் ஐந்துதான் வந்தது.

திங்கட்கிழமை காலை அந்தத் தாளோடு முதலாளி முன்னால் நின்றாள். அவர் தாளைப் பார்த்தார், பிளேடைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எட்டுன்னாங்க, மூணுன்னீங்க, இப்ப நடுவுல அஞ்சுங்கறீங்க. பேரம் பேசற மாதிரி இருக்கு.”

“மூணு என் தப்பு சார். காகிதத்தை நம்பினேன். இது மீட்டர்.”

“அஞ்சு நம்மகிட்ட இல்லை, வாங்கணும். உறையைப் பிரிச்சா விக்கறவங்க திரும்ப எடுத்துக்க மாட்டாங்க. ஒரு தடவைதான்.”

“ஒரு தடவை போதும்.”

சாயங்காலம் பண்ண வேண்டிய போனை நினைத்தோ என்னவோ, அவர் சட்டைப்பையைத் தடவினார். பிறகு மேஜை போனை அவள் பக்கம் நகர்த்தினார். அந்தப் போனில் அவள் அதுவரை ‘ஹலோ, அண்ணனைக் கூப்பிடறேன்’ என்பதற்கு மேல் பேசியதில்லை.

எதிர்முனையில் வியாபாரிக்கு நல்ல உற்சாகம். “அஞ்சு எதுக்கு மேடம்? ஒண்ணுலேருந்து எட்டு வரைக்கும் திருகிக்கற மாதிரி இருக்கு. எது வேணுமோ வச்சுக்கலாம்.”

“திருகறப்போ பீம் இடம் மாறாம இருக்குமா?”

“கொஞ்சம் நகரும். எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கறாங்க.”

“இது வாங்கற ஆளு கையில போற மெஷின். சும்மா இருக்கற கை திருகிப் பாக்கும். நிலையான அஞ்சே போதும்.”

“நிலையானதுல ரெண்டு தினுசு இருக்கு மேடம். ஒண்ணு விலை சல்லிசு.”

“சல்லிசானதுல உள்ள ரெண்டு லென்ஸும் குவிக்கற லென்ஸா?”

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. “ஆமா.”

“அப்ப குழாய்க்கு நடுவுல ஒளி ஒரே இடத்துல கூடும். எங்க லேசர் விட்டு விட்டு அடிக்கற லேசர். ஒருதரம் அப்படிப் பூட்டி உள்ளே காத்தே பொறி தட்டினதை நான் பாத்திருக்கேன். டப்பு டப்புன்னு. எனக்கு முதல் லென்ஸ் விரிக்கற லென்ஸா இருக்கணும், பூச்சு பச்சைக்கா இருக்கணும். பூச்சு எவ்வளவு அடி தாங்கும்னு காகிதத்துல எழுதி அனுப்புங்க.”

வியாபாரி எழுதிக்கொண்டார். “மேடம், நீங்க புதுசா சேந்தவங்களா?”

“பன்னெண்டு வருஷம் ஆச்சு,” என்றாள் அவள்.

புதன்கிழமை வந்தது பார்சல். கட்டைவிரல் தடியில் கறுப்புக் குழாய், ஒரு முனை சிறுத்து, ஒரு முனை பெருத்து. கரடி ஆர்வத்தில் பெருத்த முனையை லேசர் பக்கம் நீட்ட, அவள் அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். “அப்படி வச்சா ஒளியைச் சுருக்கும். ஏற்கெனவே நம்ம சம்பளத்தைச் சுருக்கறது போதும்.” ஓட்டை போட்ட அட்டை ஒன்றை லேசர் வாயில் வைத்து, குழாயின் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிற மங்கலான ஒளி லேசருக்குள்ளேயே போய் விழாமல் ஓட்டைக்கு ஒரு நூல் தள்ளி விழுகிற மாதிரி சாய்த்து இறுக்கினாள். வியாழன் முழுதும் ஓட்டினார்கள். பத்தொன்பது, இருபது, இருபது, இருபத்தொன்று. அவள் நாலு தகடு முடித்துவிட்டு ஐந்தாவதையும் ஓட்டினாள். தேவைக்கு இல்லை, ஆசைக்கு.

வெள்ளிக்கிழமை ஃபில்டர் கம்பெனியம்மா வந்தார். குள்ளமான, வேகமான பெண்மணி. யாரும் உட்காரச் சொல்லக் காத்திராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தன் தகட்டைத் தானே கொண்டுவந்திருந்தார். அது பட்டறைத் தகட்டைவிட நெளிந்திருந்தது. முதலாளி புள்ளியக்காவைப் பார்த்தார். அவள் அளவுமானியைத் தகட்டின் குறுக்கே ஓட்டினாள். புள்ளி இரண்டு எட்டு. ஆழக் கணக்கு புள்ளி மூன்று மூன்று. அடங்கும். அடங்க வேண்டும்.

“ஓட்டலாமா?” என்றார் முதலாளி.

“ஓட்டலாம்.”

நாற்பது விநாடி. பச்சைப் பொறி மழைத்தூறல் போலத் தகட்டில் நடந்து போயிற்று. அந்தம்மா தகட்டைக் கழற்றி மூலையைத்தான் முதலில் மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். விவரம் தெரிந்தவர். நாலு மூலையும் பார்த்தார். பிறகு நடு. பிறகு மறுபடி முதல் மூலை. புள்ளியக்கா தன் கட்டைவிரல் நகத்தைச் சுட்டுவிரலால் அழுத்தி அழுத்தி வெளுக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

“இதே சைஸ் மெஷின் வேற இடத்துல பாத்தேன்,” என்றார் அந்தம்மா, கண்ணை எடுக்காமல். “பத்து மடங்கு போட்டிருக்கோம்னு பெருமையா சொன்னாங்க. மூலையில ஒண்ணும் விழலை. நீங்க எத்தனை போட்டிருக்கீங்க?”

முதலாளிக்கு ‘ஐந்து’ என்கிற சின்ன எண்ணைச் சொல்ல நாக்கு எழவில்லை. “அஞ்சும்மா,” என்றாள் புள்ளியக்கா.

“யாரு தேர்ந்தெடுத்தது?”

கரடி வாயைத் திறந்தான். அதற்குள் முதலாளி, “இவங்கதான்,” என்றார். “எனக்கு எட்டுதான் பிடிச்சிருந்தது. இவங்க கேக்கலை.”

“நல்லதாப் போச்சு,” என்று அந்தம்மா எழுந்தார். “ரெண்டு மெஷின் வேணும்.”

அவர் போன பிறகு முதலாளி சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். கையில் கொடுப்பார் என்று பார்த்தால், மைக்ரோஸ்கோப் மேஜைமேல் வைத்துவிட்டு, இரண்டாவது எந்திரத்துக்கு லேசர் மேல் தட்டா கீழ்த் தட்டா என்று கேட்டார். “அளந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்,” என்றாள் அவள். சாவியை இடுப்பில் செருகினாள். அது அண்ணன் இடுப்பில் இருந்ததைவிடக் கனமாக இருந்ததா என்றெல்லாம் அவளுக்கு யோசிக்கத் தோன்றவில்லை. அலமாரியைத் திறந்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்க்கிற அவசரம்.

அன்று சாயங்காலம் துளையின் படத்தை அண்ணனுக்கு அனுப்பினாள். கீழே, ‘ஐந்து மடங்கு. எக்ஸ்பேண்டர் வாசலில் பிளேடு வைத்து அளந்தது. உன் பிளேடு’ என்று எழுதினாள். இரண்டு நாள் கழித்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான்.

“அந்தக் கட்டைவிரலை ஒடிச்சு அனுப்பினாக்கூட உங்க அண்ணன் வாயால சொல்ல மாட்டார்,” என்றாள் அண்ணி.

பதினான்கு மாதம் போயிற்று. ஏழாவது நோட்டு முடிந்து எட்டாவது பிறந்தது. அதில் ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் இப்போது பவர் எழுதியிருக்கும், அதற்கும் பக்கத்தில் பிளேடு சொன்ன எண். ஒரு நாள் மதியம், கரடியும் அவளும் பதினோராவது எந்திரத்துக்குக் குழாய் சாய்த்துக்கொண்டிருந்தபோது அவள் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. கை வேலையாக இருந்ததால் கரடிதான் எடுத்து, ஒருமுறை தனக்குள் படித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக வாசித்தான்:

“புள்ளி, இங்க மலையில பெரிய டெலஸ்கோப்புக்கு முன்னால வைக்க எக்ஸ்பேண்டர் எடுக்கணும். பச்சை லேசர்தான். எல்லாரும் லேசர்கூட வந்த காகிதத்துல இருக்கற அளவை வச்சு இருபது மடங்குங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பலை. லேசர் ஒரு ரூம்ல, டெலஸ்கோப் இன்னொரு ரூம்ல, நடுவுல ஆறு மீட்டர். எக்ஸ்பேண்டர் வாசல்ல பிளேடு வச்சு மூணு தடவை எடுத்தேன். எண்ணெல்லாம் கீழ இருக்கு. எத்தனை மடங்குன்னு நீ பாத்துச் சொல்லு. நீ சொன்னப்புறம்தான் ஆர்டர் போடுவேன். பவர்ல கை வைக்கலை.”